பகல் தூக்கம்

மணிமொழி யார் வீட்டிலும் இரவு தங்கமாட்டாள். கல்யாணமோ கருமாதியோ, எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் சரி, தலையைக் காட்டிவிட்டு, ஏதாவது ஒரு வேலையை இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, கடைசி பஸ் போவதற்குள் கிளம்பிவிடுவாள். முத்தாண்டிக்குப்பத்தில் சொந்த அண்ணன் மகள் கல்யாணம். அதற்குக்கூடப் பெண்ணழைப்பு முடிந்த கையோடு நெய்வேலிக்குத் திரும்பி வந்து, விடியற்காலை முகூர்த்தத்துக்கு மறுபடி ஆட்டோ பிடித்துப் போனாள். "பர்மனென்ட் உத்தியோகம், குவார்ட்டர்ஸ் வூடு. நம்ம பாயில படுத்தா மண்ணு ஒட்டிக்குமாம்" என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். மணிமொழி அதை மறுக்கவில்லை. திமிர் பிடித்தவள் என்ற பெயரை வாங்கிக்கொண்டு வந்து தன் வீட்டுக் கதவைச் சாத்திப் படுப்பது, உண்மையைச் சொல்வதைவிட அவளுக்குச் சுலபமாக இருந்தது.

உண்மை ஒன்றும் பெரிய ராணுவ ரகசியமில்லை. அவள் குறட்டை விடுவாள். பம்ப் ஹவுஸில் அவளோடு வேலை பார்க்கும் செங்குட்டுவன், அவள் ஒருநாள் நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணயர்ந்ததைப் பார்த்துவிட்டு, "மூணாவது மோட்டாரை எவனோ போட்டுட்டான்னு ஓடியாந்தேன்க்கா" என்றான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். ஆம்பளை குறட்டை விட்டால் 'பாவம், உழைச்ச அலுப்பு' என்று போர்வையை இழுத்துவிடுகிற ஊர் இது. பொம்பளை விட்டால் மறுநாள் காலைக் காப்பியோடு அதையும் சேர்த்து எல்லோருக்கும் ஊற்றும். அதோடு, அவள் குறட்டை நடுவில் அறுந்துபோகும். பிறகு திணறிக்கொண்டு துள்ளி எழுந்து உட்காருவாள். பக்கத்தில் யாரும் படுக்காததால், எழுந்து உட்கார்ந்தவளை யாரும் என்னவென்று கேட்டதுமில்லை.

யாரும் படுக்காத வீடாக அது எப்போதும் இருக்கவில்லை. அவள் கணவன் அறிவுச்செல்வன் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவன். ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே சத்தமில்லாமல் நடக்கவும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆள் பகலில் தூங்கினால்தான் அன்றைக்கு ராத்திரி சுரங்கத்தில் கண் விழித்து நிற்க முடியும். அங்கே கண் அசந்தால் கை போகும், கால் போகும். அதனால் குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைப்பார்கள். வாசல்கதவின் கொண்டியில் துணி சுற்றிவைப்பார்கள். கீரைக்காரி தெருமுனையில் வாயைத் திறப்பதற்குள் ஓடிப்போய்க் கையைக் காட்டி அடக்குவார்கள். டவுன்ஷிப்பில் பாதி வீடு இப்படித்தான் வளர்ந்தது. அப்படி வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில்தான் அறிவுச்செல்வன் தூங்கப்போனவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். மகள் இசைப்பிரியாவுக்கு அப்போது ஒன்பது வயது.

கருணை அடிப்படையில் மணிமொழிக்கு டவுன்ஷிப் குடிநீர்ப் பிரிவில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, மேல்நிலைத் தொட்டி நிறைந்ததா என்று பார்ப்பது. முதலில் ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாமல் அழுதாள். பிறகு அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதில் ஒரு நியாயம் இருந்தது. பிளாக்கின் கடைசி வரிசை வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று போன் வந்தால் பிரஷரைக் கூட்ட வேண்டும். மறுபடி போன் வந்தால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். எவ்வளவு தூரத்து வீடாக இருந்தாலும் தள்ளுகிற தள்ளில் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடும். இத்தனை வருஷத்தில் அந்த வைத்தியம் ஒரு தடவைகூட அவளை ஏமாற்றியதில்லை.

அம்மாவும் மகளும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் ஒருநாள், மணிமொழி தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, இசைப்பிரியா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று சொன்னாள்: "உன் பக்கத்துல படுத்தா எனக்குத் தூக்கமே வரலைம்மா. நான் ஹாஸ்டல்ல சேந்துக்கறேன்." மணிமொழி தோசையைத் திருப்பிப் போட்டாள். "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லில் பதினைந்து வயது மகள் திருச்சிக்குப் போனாள். பிறகு கல்லூரி, சென்னையில் வேலை, நிலவனோடு கல்யாணம். பெற்ற மகளையே வீட்டை விட்டு விரட்டிய குறட்டை என்று மணிமொழி தன் தொண்டையை வெறுத்தாள். மகள் லீவுக்கு வரும்போதெல்லாம், பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும் என்று, கேட்டு வாங்கி நைட் டூட்டிக்குப் போய்விடுவாள். உறவுக்காரர் வீட்டில் தங்காததும் அதற்குப் பிறகுதான். மகளாலேயே தாங்க முடியாததை மற்றவர்கள் எப்படித் தாங்குவார்கள்?

இப்போது இசைப்பிரியா முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது பேச்சே இல்லாமல் முடிவான விஷயம் என்று மணிமொழி நினைத்திருந்தாள். ஐந்தாம் மாதத்தில் போன் வந்தது.

"அம்மா, இங்க ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்காம். டெலிவரி இங்கயே பாத்துக்கலாம்னு அத்தை சொல்றாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது. உனக்கும் ஷிப்ட் இருக்கும். ராத்திரியில நீ இருப்பியோ மாட்டியோ..."

"சரிம்மா. உனக்கு எது வசதியோ அப்படிச் செய்."

சரி என்ற சொல் மணிமொழியின் வாயில் எப்போதும் தயாராக நிற்கும். அதைச் சொல்லிப் போனை வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். தலைப்பிரசவத்துக்குக்கூட என் பக்கத்தில் படுக்க என் பிள்ளைக்குப் பிடிக்கவில்லையே என்று வாய்விட்டே அழுதாள். கேட்க யாருமில்லாத வீட்டில் அழுவதில் அந்த ஒரு வசதி உண்டு.

அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. மகள் மேல் இல்லை, தொண்டை மேல். கடலூரில் தூக்க வியாதிக்கென்று ஒரு டாக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனாள். ஓர் இரவு அங்கேயே படுக்க வேண்டும் என்றார்கள். இத்தனை வருஷம் கழித்து வெளியே தங்கிய முதல் இரவு அது. தலையிலும் நெஞ்சிலும் ஒயரை ஒட்டவந்த பெண்ணிடம், "நான் சத்தம் போடுவேன்மா, தப்பா நினைச்சுக்காத" என்று முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் சொன்னார். இதயத்தையும் ஸ்கேன் செய்து, அது நன்றாக இருக்கிறது என்றார். காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார். செங்கல் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். பிரசவ நாள் நெருங்குவதற்குள் இதைப் பழக்கிச் சத்தத்தை ஒழித்துவிட வேண்டும் என்று மணிமொழி கங்கணம் கட்டிக்கொண்டாள். சத்தம் போய்விட்டால், வா என்று கூப்பிடலாம்.

மெஷினை வீட்டில் கொண்டுவந்து வைத்தவள் ஃபௌசியா. கடலூர் ஆஸ்பத்திரியில் வேலை, வீடு மந்தாரக்குப்பம். ஸ்கூட்டரில் வந்து, மாஸ்க்கை மாட்டக் கற்றுக்கொடுத்து, காலையில் திரையில் வரும் எண்ணைப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை தடவை மூச்சு நின்றது என்பதற்கான எண் அது. ஐந்துக்குக் கீழே வந்தால் நல்லது. "காத்தோட அளவை மட்டும் நீங்க மாத்தக் கூடாதும்மா. அது டாக்டர் சொல்லி நாங்க வைக்கிறது" என்றாள். சொன்னாளே தவிர, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் உள்ளே இன்னொரு பக்கம் திறப்பதை மணிமொழியின் கண்முன்னேதான் செய்தாள். பம்ப் ஹவுஸ்காரியின் கண்ணுக்கு எந்தப் பொத்தானும் தப்பாது. தப்பியிருந்தால் நன்றாகப் போயிருக்கும்.

முதல் வாரத்தில் எண் பாதியாகக் குறைந்தது. பிறகு பத்தைச் சுற்றியே நின்றுகொண்டு இறங்க மறுத்தது. பொறுங்கள், உடம்பு பழக வேண்டும் என்று ஃபௌசியா போனில் சொன்னாள். மணிமொழிக்குப் பொறுமை இல்லாமலில்லை, மாதங்கள்தான் இல்லை. மகளுக்கு ஆறு முடிந்து ஏழு பிறக்கப்போகிறது. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி, பிரஷரை ஒரு புள்ளி கூட்டினாள்.

மறுநாள் எண் குறையவில்லை. இன்னும் ஒரு புள்ளி. காற்று கன்னத்தை உப்பவைத்தது, மாஸ்க்கின் ஓரத்தில் பிய்த்துக்கொண்டு கண்ணுக்குள் அடித்தது. கசிவு என்றால் இறுக்கத்தானே வேண்டும்? வாரை இழுத்து இறுக்கினாள். மூக்குத் தண்டு சிவந்து, பிறகு தோல் உரிந்தது. "என்னக்கா மூக்குல காயம்?" என்று செங்குட்டுவன் கேட்டதற்கு, கண்ணாடி மாற்றியிருக்கிறேன் என்றாள். அவள் கண்ணாடியே போடுவதில்லை என்பது அவனுக்கும் தெரியும். எண் பதினைந்து ஆனது, பிறகு இருபதைத் தாண்டியது. அவளோ கூட்டிக்கொண்டே போனாள். ஓர் இரவு, கிணற்றுக்குள்ளிருந்து மேலே வந்தவளைப்போல் நெஞ்சு அடித்துக்கொள்ள எழுந்து உட்கார்ந்து, மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள். மெஷினுக்கும் அடங்காத ஜென்மம் நான் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

காலையில் ஃபௌசியாவுக்குப் போன் போட்டாள். "இது வேலைக்கு ஆவாது பாப்பா. வந்து எடுத்துகினு போயிடு."

ஃபௌசியா வந்தாள். வந்ததும் மூக்கைத்தான் பார்த்தாள். மெஷினிலிருந்த சின்ன மெமரி அட்டையை உருவி லேப்டாப்பில் போட்டாள்.

"அம்மா, பிரஷரை யாரு மாத்துனது?"

மணிமொழி மின்விசிறியைப் பார்த்தாள். "தானா ஏறிக்கிச்சோ என்னமோ."

"தானா ஏறாதும்மா."

"நாந்தான்" என்றாள் மணிமொழி. "தண்ணி ஏறலைன்னா பிரஷர் கூட்டறதுதான பாப்பா முறை? பத்தொம்போது வருசமா அதைத்தான செஞ்சிகினு இருக்கேன்."

ஃபௌசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரையில் கோடு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் எதுவுமே எழுதாமல் விட்டதுபோல் தட்டையாகக் கிடந்தது.

"ஆரம்பத்துல உங்களுக்குத் தொண்டை அடைச்சு மூச்சு நின்னுச்சு. அது இப்ப இல்லவே இல்ல. அதை மெஷின் சரி பண்ணிடுச்சு. இது வேற. இங்க தொண்டை திறந்துதான் இருக்கு. ஆனா நீங்க மூச்சு இழுக்கல."

மணிமொழி லேப்டாப் பக்கம் குனிந்தாள். "வழி திறந்திருக்குது, அப்புறம் ஏன் இழுக்கல?"

"மூளை சொல்லல. ரத்தத்துல கெட்ட காத்து கொஞ்சம் சேந்தாதான் மூளை 'மூச்சு இழு'ன்னு சொல்லும். நீங்க காத்தை அள்ளி அள்ளித் தள்ளவும் அந்தக் கெட்ட காத்து ரொம்பவே வெளியேறிடுது. எல்லாம் போதும்னு மூளை சும்மா இருந்துடுது."

மணிமொழி அந்தத் தட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "தொட்டி நெறைஞ்சா ஆட்டோமேட்டிக் மோட்டாரு தானா நின்னுடும். அந்த மாதிரி" என்றாள்.

"அதேதாம்மா."

"அப்ப நானே என் மூச்சை நிறுத்தியிருக்கேன்."

"நல்லாகணும்னுதான செஞ்சீங்க" என்றாள் ஃபௌசியா. சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டு எண்களைப் படித்தாள். டாக்டர் அந்தப் பக்கம் சத்தம் போடுவது மணிமொழிக்கே கேட்டது. அவர் சொன்னபடி ஃபௌசியா பிரஷரை முதலில் வைத்திருந்ததற்கும் ஒரு புள்ளி கீழே இறக்கினாள். மூச்சு விடும்போது காற்றைத் தளர்த்துகிற வசதி ஒன்று மெஷினில் இருந்தது. சொகுசுக்காக இருந்த அதை நிறுத்தினாள். பையிலிருந்து மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மாஸ்க்குகள் மூன்றை எடுத்து, மணிமொழியைத் தலையணையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மாற்றி மாற்றிப் போட்டுக் கசிவு பார்த்தாள். மூன்றாவது பொருந்தியது. வாருக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று நுழைத்துக் காட்டினாள். அந்த விரல்கள் கன்னத்தில் பட்டபோது, ஒருவர் கை தன் முகத்தில் பட்டு எத்தனை காலமாயிற்று என்று மணிமொழிக்குத் தோன்றியது.

"இப்படியே கொஞ்ச வாரம் விடுங்க. நிறையப் பேருக்குத் தானா அடங்கிடும். அடங்கலைன்னா வேற வகை மெஷின் இருக்கு, டாக்டர் பாத்துச் சொல்லுவாரு. ஆனா நீங்க கை வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம்."

"அப்புறம் ஒண்ணு கேக்கணும்மா. நீங்க தூங்கறப்போ மூச்சு நிக்கிறதைக் கூடப் படுக்கறவங்க யாராவது பாத்திருக்காங்களா?"

"கூட யாரும் இல்ல பாப்பா" என்றாள் மணிமொழி. "நான் மட்டுந்தான்."

எண் அவசரப்படாமல் இறங்கியது. அவளும் கை வைக்கவில்லை. இருபது பத்தானது, பத்து ஏழானது, ஒருநாள் காலை ஐந்துக்குக் கீழே நின்றது. அன்றைக்கு அவள் எழுந்தபோது தலை கனக்கவில்லை, நாக்கு வறளவில்லை. வாசலில் மரங்கள் அப்போதுதான் துடைத்துவைத்ததுபோல் இருந்தன. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று உடம்பெல்லாம் பரபரத்தது. பால்காரரிடம் சொல்ல வாய்வரை வந்தது. 'எனக்கு மூச்சு ஒழுங்கா வருது' என்று ஒரு மனுஷரிடம் காலை வேளையில் எப்படிச் சொல்வது? பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மகளுக்கும் சொல்லவில்லை. சொன்னால், வா என்று கேட்டதுபோல் ஆகும். கேட்டு அவள் மாட்டேன் என்றுவிட்டால், அதற்குப் பிறகு நம்பிக்கொண்டிருக்க ஒன்றுமே இருக்காது.

ஏழாம் மாதம் சென்னையில் வளைகாப்பு நடந்தது. வளையல் போட்ட பெண்ணை ஒரு பொழுதாவது தாய்வீட்டுக்கு அழைத்துப் போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று மாமியாரே சொன்னதால், அடுத்த வாரம் நிலவன் இசைப்பிரியாவைக் காரில் கூட்டிவந்து காலையில் இறக்கிவிட்டான். குள்ளஞ்சாவடியில் ஒரு சிநேகிதனைப் பார்த்துவிட்டு சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்வதாகச் சொல்லிப் போனான். அம்மாவுக்கு மகள் கிடைத்தது அந்த ஒரு பகல்தான்.

மணிமொழி விடியுமுன்பே எழுந்து சமைத்திருந்தாள். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பண்ருட்டிப் பலாச்சுளை. இசைப்பிரியா இரண்டு கை வளையலும் குலுங்கக் குலுங்கச் சாப்பிட்டாள். கால் வீங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சரியாகத் தூங்குவதில்லை என்றாள். சாப்பிட்டதும் வழக்கம்போல் கூடத்துச் சோபாவில் சாயப்போனாள்.

"அங்க எதுக்கு? உள்ள கட்டில்ல படு" என்றாள் மணிமொழி.

உள்ளே வந்த மகள், கட்டிலோரம் துண்டு போட்டு மூடியிருந்ததைப் பார்த்தாள். "இது என்னம்மா?"

மணிமொழி எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு இது. வாயில் வந்தபோது எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. "கொறட்டைக்கு மெஷினு. இப்ப சத்தமே வர்றதில்லம்மா. வேணும்னா பக்கத்து வூட்டுல கேட்டுப் பாரு. கொழந்தை பொறந்தா பக்கத்துல படுக்கணுமேன்னு... நீ அதுக்குப் பயந்துகினுதான ஹாஸ்டலுக்குப் போன."

இசைப்பிரியா துண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். "எதுக்குப் பயந்து?"

"கொறட்டைக்கு."

மகள் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். "குறட்டைக்காக யாராவது வீட்டை விட்டுப் போவாங்களாம்மா? அது கேட்டுக்கிட்டு இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

"பின்ன?"

"அது நின்னுடும்மா. திடீர்னு நின்னுடும். நான் எழுந்து உக்காந்து உன் மூக்குகிட்ட விரலை வச்சுப் பாப்பேன். காத்து வராது. நான் எண்ண ஆரம்பிப்பேன். எழுப்பலாமான்னா, நீ ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தவ, எழுப்பக் கூடாது. எழுப்பாம விட்டா..." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு நீ மார்க்கெட்டுக்குப் போறப்போ, அப்பா தூங்கறாரு, சத்தம் போடாதேன்னு சொல்லிட்டுப் போன. நான் சத்தமே போடல. தண்ணி குடிச்ச டம்ளரைக்கூடக் கீழ வைக்காம கையிலயே வச்சுக்கிட்டு, இந்தக் கதவுகிட்டதான் உக்காந்திருந்தேன். நீ வந்து அப்பாவை எழுப்பற வரைக்கும் நான் நல்ல பொண்ணா இருந்தேம்மா."

மணிமொழி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பகலைப் பற்றி அவர்கள் இருவரும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை டம்ளரும் கையுமாகக் காவல் உட்கார்ந்திருந்ததும், பதினைந்து வயதுவரை ராத்திரி ராத்திரி தன் மூக்கருகே விரல் வைத்துக் காவல் காத்ததும் அவளுக்குத் தெரியாது. அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொன்னா நடந்துடும்னு பயம். அப்புறம் லீவுக்கு வந்தா நீ நைட் டூட்டிக்குக் கிளம்பிடுவ. விட்டுட்டுப் போனேன்னு என் மேல கோவம்னு நினைச்சேன். அதான் டெலிவரிக்கும்..."

"நீ தூங்கணுமேன்னுதான்டி போனேன்" என்று கத்திவிட்டாள் மணிமொழி. "என் சத்தம் இல்லாம நீ தூங்கணுமேன்னு."

இரண்டு பேரும் அழுதார்கள். இப்படி இரண்டு மண்டுகளை ஒரே வீட்டில் வைத்துப் பார்த்தால் சிரிக்கவும் தோன்றும், ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றும். முதலில் மூக்கைத் துடைத்துக்கொண்டது மகள்தான். "அதைப் போட்டுக் காட்டு" என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

மணிமொழி வெட்கப்பட்டுக்கொண்டே மாஸ்க்கை மாட்டினாள். குழாய் மார்பில் தொங்கியது. "பிள்ளையார் மாதிரி இருக்கம்மா" என்று மகள் கண்ணீரோடு சிரித்தாள். மணிமொழி படுத்தாள். மெஷின் மெல்லிசாக ஓடத் தொடங்கியது. இசைப்பிரியா வயிற்றை ஏந்திக்கொண்டு பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையை நீட்டி அம்மாவின் விலாவில் வைத்தாள். மூச்சு ஏறி இறங்குவதை அந்தக் கை எண்ணத் தொடங்கியது அம்மாவுக்குத் தெரிந்தது. எண்ணாதே, நான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தாள். வாயைத் திறந்தால் காற்று வெளியே பாயும். விடியற்காலையில் எழுந்த அலுப்பு வேறு இழுத்தது. சொல்லாமலே தூங்கிப்போனாள்.

அவள் கண் விழித்தபோது வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. விலாவில் கை இன்னும் இருந்தது. ஆனால் அது எண்ணவில்லை. கனத்து, தளர்ந்து, விரல்கள் விரிந்து கிடந்தது. இசைப்பிரியா வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையில் தூங்கியதைப்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். காவலுக்கு உட்கார்ந்த பிள்ளை, ஒருவழியாகக் காவலை விட்டுத் தூங்கிவிட்டது.

கட்டில் விளிம்பில் மகளின் போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. நிலவன். கிளம்பிவிட்டிருப்பான். எடுத்துப் பேச வேண்டுமானால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். கழற்றினால் காற்று இரைந்து, மெஷின் நின்று, இவள் திடுக்கிட்டு விழிப்பாள். மணிமொழி அசையாமல் கையை மட்டும் நீட்டிப் போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகினாள். மாப்பிள்ளை வரட்டும், வந்து கூடத்தில் உட்காரட்டும். மகள் தானாக எழுந்த பிறகு, இங்கேயே இருந்துவிடு என்று கேட்டுவிட வேண்டும். சரி சரி என்று சொல்லியே ஒரு பிள்ளையைத் தொலைத்தது போதும்.

மூக்கின் மேல் அரித்தது. சொரியவில்லை. விலாவில் கிடந்த கை ஒருமுறை லேசாகத் துழாவியது. மணிமொழி அப்படியே கிடந்தபடி, மகளுக்குக் கேட்கட்டும் என்று, கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விட்டாள்.